மகளை முதல்முறை சம்மர் கேம்ப்பில் விடுகிறீர்களா? முதல் நாள் இப்படித்தான் இருக்கும்

அமெரிக்காவில் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான தங்கும் முகாமில், அதாவது வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் போய் ஏரிக்கரையில் மரக் கேபினில் தூங்குகிற வகை முகாமில், மகளை முதல்முறையாகச் சேர்த்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். காலையில் விட்டு மாலையில் கூட்டி வரும் டே கேம்ப் வேறு கதை, அங்கே முதல் நாள் சொதப்பினால் மறுநாள் சரி செய்துகொள்ளலாம். இங்கே முதல் நாள் மதியம் நீங்கள் காரைத் திருப்பிய பிறகு உங்களால் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதி, அந்த நாள் வருவதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலைகளைப் பற்றி இருக்கிறது. மீதிப் பாதியில் முக்கியமானது ஒன்றே ஒன்று: எப்போது, எப்படிக் கிளம்புவது.

காகித வேலை

எல்லா முகாமும் உடல்நலப் படிவம் ஒன்று கேட்கும். டாக்டர் கையெழுத்து, தடுப்பூசி விவரம், பெரும்பாலும் கடைசி 12 அல்லது 24 மாதங்களுக்குள் செய்த உடல் பரிசோதனை. ஜூன் மாதத்தில் குழந்தை டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஏனென்றால் கேம்ப்புக்கு அனுப்பும் அத்தனை பேரும் அதே கையெழுத்துக்காகத்தான் அப்போது ஓடிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். படிவம் முழுமையாக இல்லாத பிள்ளையை முதல் நாளன்று வாசலிலேயே நிறுத்திவைக்கும் முகாம்கள் உண்டு.

அந்தப் படிவத்தில் நம் ஆட்கள் எழுதத் தயங்கும் விஷயங்கள் சில உண்டு. எப்போதாவது படுக்கையில் சிறுநீர் போவது, தூக்கத்தில் நடப்பது, இருட்டுப் பயம், அண்மையில் வீட்டில் நடந்த ஒரு சாவு அல்லது பிரிவு. தயவுசெய்து எழுதுங்கள். இதைப் படிப்பது நர்சும் அந்தக் கேபினின் கவுன்சிலரும்தான் (கவுன்சிலர் என்றால் கேபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் பணியாளர்), மற்ற பிள்ளைகள் இல்லை. தூக்கத்தில் நடக்கும் பிள்ளைக்கு மேல் கட்டில் கொடுக்க மாட்டார்கள். படுக்கை நனைக்கும் பிள்ளையை ராத்திரி ஒருமுறை சத்தமில்லாமல் எழுப்பிக் கூட்டிப்போவார்கள், அப்படியும் நனைந்துவிட்டால் மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்போது விரிப்பை மாற்றிவிடுவார்கள். இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமான வேலை. நீங்கள் எழுதாமல் விட்டால்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள் மகள் அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

கவனம் சிதறும் பிரச்சினைக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளைகளுக்கு "லீவுதானே" என்று மாத்திரைக்கும் லீவு விடுவது நல்ல யோசனை இல்லை. புது இடம், புது ஆட்கள், புது விதிகள் எல்லாம் ஒரே நாளில் வந்து விழும்போது அது இன்னும் தேவைப்படலாம். டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், முடிவு எதுவானாலும் முகாமுக்குச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு பகுதியில் "சைவம்" என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். முட்டை சாப்பிடுவாளா, ஜெலட்டின் பரவாயில்லையா என்பதையும் எழுதுங்கள். முதல் நாள் இரவே கேம்ப்ஃபயர் இருக்கும், அங்கே குச்சியில் குத்திச் சுட்டுத் தருகிற மார்ஷ்மெல்லோவில் சாதாரணமாக விலங்கு ஜெலட்டின்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அது கூடாதென்றால் மகளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும், அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து தின்னும்போது அவள் இருட்டில் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். ஒவ்வாமை இருந்தால் படிவத்தோடு நிற்காமல் ஒரு போனும் போட்டுவிடுங்கள்.

பேன் விஷயம்

சிரிக்காதீர்கள், முதல் நாளில் பெற்றோரை அதிகம் கதிகலங்க வைப்பது இதுதான். வந்து இறங்கியதும் நடக்கும் உடல்நலச் சோதனையில் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் பிரித்துப் பார்ப்பார்கள். பேனோ ஈரோ இருந்தால் அங்கேயே சிகிச்சை, அதற்குத் தனிக் கட்டணமும் வரலாம், சில இடங்களில் சுத்தமாகும் வரை கேபினுக்கே விட மாட்டார்கள். முதல் நாளன்று புதுத் தோழிகள் எல்லோரும் கட்டில் பிடிக்கப் போயிருக்க, தான் மட்டும் ஒரு அறையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பது பத்து வயதுப் பெண்ணுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

அதனால் மூன்று வாரம் முன்னாலேயே நல்ல வெளிச்சத்தில் பேன் சீப்பை எடுத்து உட்காருங்கள். ஏன் மூன்று வாரம் என்றால், ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், பல மருந்துகள் ஈரைக் கொல்லாது, பொரித்து வந்த பேனைக் கொல்ல ஏழெட்டு நாள் கழித்து இரண்டாவது முறை போட வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் கண்டுபிடித்தால் இதற்கெல்லாம் நேரமே இல்லை. பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் ஏறும். முகாமில் பெண் பிள்ளைகள் ஒருவர் தலையை ஒருவர் பின்னிக்கொண்டேதான் இருப்பார்கள், அதனால்தான் இத்தனை கெடுபிடி.

தலை என்றதும் இன்னொன்று. நீளமான, அடர்ந்த முடி உள்ள பிள்ளை என்றால் தானே அலசி, சிக்கெடுத்து, பின்னிக்கொள்ளப் பழக்கிவிடுங்கள். ஷவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான், பின்னால் ஒரு வரிசை நிற்கும். அவளால் முடியவே இல்லை என்றால் முடியை ஒரு அளவுக்கு வெட்டிக்கொள்வது பற்றி அவளிடமே கேளுங்கள், ஆனால் கிளம்பும் வாரத்தில் வேண்டாம்.

மாதவிலக்கு பற்றிப் பேசிவிடுங்கள்

ஒன்பது வயதிலிருந்தே பேசிவைப்பது நல்லது. முதல் மாதவிலக்கு சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வருகிறது, அது சராசரிதான், நிறையப் பேருக்கு முன்னாலேயே வந்துவிடும், அது முகாமில் வந்துவிடவும் செய்யும். இதுவரை வராத பிள்ளைக்கும் சின்னப் பை ஒன்றில் நான்கைந்து பேட், மாற்று உள்ளாடை, கறை பட்டதைப் போட்டுக் கட்டிவைக்க ஒரு கவர் வைத்துக் கொடுங்கள். எப்படி வைப்பது என்று வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். "அங்க வந்துட்டா யார்கிட்ட சொல்லுவ?" என்று கேட்டுப் பாருங்கள். "உன்கிட்டதான்" என்றால், அங்கே போன் இருக்காது என்பதை நினைவுபடுத்தி, கவுன்சிலர் அல்லது நர்ஸ் என்ற பதிலுக்குக் கொண்டு வாருங்கள். பெண்கள் முகாம்களில் கவுன்சிலர்களுக்கு இது தினசரி விஷயம், அவர்களிடம் எல்லாம் இருக்கும். ஏற்கெனவே மாதவிலக்கு வரும் பிள்ளை என்றால் நீச்சல் நாட்களில் என்ன செய்வது என்பதையும் பேசுங்கள். தண்ணீரில் இறங்க விருப்பமில்லை என்றால் காரணத்தைக் கவுன்சிலர் காதில் சொன்னால் போதும், நீச்சல் சோதனையைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி

முகாம் அனுப்பும் பட்டியல் இருக்கும், அதையே பின்பற்றுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பட்டியலில் இல்லாத சில நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அவளே அடுக்கட்டும். நீங்கள் அழகாக அடுக்கி மூடிய பெட்டியில் டார்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, முதல் நாள் ராத்திரி எல்லாவற்றையும் வெளியே கொட்டித்தான் கண்டுபிடிப்பாள். ஒவ்வொரு துணியிலும் பெயர் வேண்டும், சாக்ஸ், துண்டு, தண்ணீர் பாட்டில் உட்பட. பெர்மனென்ட் மார்க்கர் போதும், அச்சடித்த லேபிள் அழகுக்குத்தான். பெட்டியோ டஃபல் பையோ, கட்டிலுக்கு அடியில் போகிற உயரமா என்று முகாம் சொன்ன அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம், முன்கூட்டியே லாரியில் அனுப்பும் முகாமானால் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியும் வரலாம். ஆகவே ஒரு முதுகுப் பையில் முதல் நாளுக்கு வேண்டியது தனியாக இருக்கட்டும்: நீச்சல் உடை, துண்டு, மழைக் கோட்டு, ஸ்வெட்டர், டார்ச், தண்ணீர் பாட்டில், சன்ஸ்க்ரீன், பூச்சி விரட்டி, பல் துலக்க வேண்டியவை. ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மலைப் பக்கம் ஜூன் கடைசியிலும் ராத்திரி குளிரும், கேம்ப்ஃபயரில் முகம் சுடும், முதுகு நடுங்கும்.

போன், டேப்லெட், ஸ்மார்ட் வாட்ச் எதுவும் வேண்டாம், பெரும்பாலான முகாம்களில் விதியே அதுதான். "அவசரத்துக்கு ஒளிச்சு வெச்சுக்கோ" என்று ரகசியமாகக் கொடுத்து அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை முதல் ராத்திரியே போர்வைக்குள்ளிருந்து அழுதுகொண்டே கூப்பிடும், அப்புறம் அந்த முகாம் அவளுக்கு ஒட்டவே ஒட்டாது. தின்பண்டமும் வேண்டாம். எலி வரும், சில இடங்களில் கரடியே வரும், தவிர பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கலாம்.

அன்று காலை

உங்களுக்குக் கொடுத்த நேரம் பதினொன்று என்றால் பதினொன்றுக்குப் போங்கள். ஒன்பதுக்கே போய் நின்றால் வாசலில் காத்திருக்க வேண்டும், ஒன்றுக்குப் போனால் நல்ல கட்டில் மட்டுமில்லை, கேபினில் முதல் அறிமுகமும் போயிருக்கும். கேபினில் கடைசியாக நுழையும் பிள்ளைக்கு அந்த முதல் ஒரு மணி நேரம் கஷ்டம், மற்றவர்கள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருப்பார்கள். கொடுத்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள், மலைச் சாலையில் ஜிபிஎஸ் சிக்னல் போகும், வழியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் அம்மா, அப்பா, அவள், இவ்வளவு போதும். பாட்டி, சித்தி, நாய்க்குட்டி என்று படையாகப் போனால் பிரிவு அத்தனை மடங்கு நீளும். நாய்க்கு நிறைய முகாம்களில் அனுமதியும் கிடையாது.

அவளுக்கு மூடிய ஷூ போட்டு அனுப்புங்கள், அன்று நிறைய நடக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே சன்ஸ்க்ரீன் தடவி, அது காய்ந்த பிறகு பூச்சி விரட்டி. வரிசை அதுதான், முதலில் சன்ஸ்க்ரீன்.

உள்ளே நுழைந்ததும்

வாசலில் இளம் பெண்கள் ஒரு கூட்டம் கத்திக்கொண்டு, பாடிக்கொண்டு, உங்கள் காரைப் பார்த்துக் குதித்துக்கொண்டு நிற்கும். கவுன்சிலர்கள்தான், பயப்பட வேண்டாம். கூடவே பழைய பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அலறிக்கொண்டிருப்பார்கள். இந்த இடத்தில் உங்கள் மகளின் முகம் மாறும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பாட்டும் தெரியும், எனக்கு மட்டும் எதுவும் தெரியாது என்று தோன்றும். காரிலேயே சொல்லி வையுங்கள்: இந்த முகாம்களில் பல மிகப் பழையவை, அவற்றின் பாட்டும் சடங்கும் தலைமுறையாக வருபவை. லாரா மட்டூன் நியூ ஹாம்ப்ஷயரில் கெஹோங்கா முகாமைப் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது 1902-ல். லூதர் குலிக்கும் சார்லட் குலிக்கும் கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் அமைப்பைத் தொடங்கியது 1910-ல். சவான்னாவில் ஜூலியட் கார்டன் லோ கேர்ள் ஸ்கவுட்ஸ் என்ற சாரணியர் இயக்கத்தை 18 பிள்ளைகளோடு ஆரம்பித்தது 1912-ல். நூறு வருஷமாகச் சேர்ந்த பாட்டை யாரும் முதல் நாளே பாட முடியாது, இரண்டு மூன்று நாளில் அவளும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசை என்று வரிசை நகரும். பெயர்ப் பதிவு, கேபின் எண், முகாம் கடைக் கணக்கு, மருந்து, உடல்நலச் சோதனை. பெயர்ப் பதிவில் மகளின் பெயரை எப்படிச் சொல்வது என்று அவளே நிதானமாகச் சொல்லிக் கொடுக்கட்டும், தேவையானால் ரெண்டு தடவை. முதல் ஐந்து நிமிடத்தில் யாரோ சுருக்கி வைத்த பெயர்தான் அப்புறம் கோடை முழுக்க ஒட்டிக்கொள்ளும், அதை அவள் விரும்பித் தேர்ந்தெடுத்தால் சரி, வாய் திறக்காததால் வந்ததாக இருக்க வேண்டாம்.

மருந்து மேசையில்தான் நேரம் போகும். மருந்தைக் கடையிலிருந்து வந்த அதே டப்பாவில், அவள் பெயரும் அளவும் அச்சான லேபிளோடு கொடுக்க வேண்டும், கவரில் பிரித்துப் போட்ட மாத்திரையை வாங்க மாட்டார்கள். சில முகாம்கள் ஒரு குறிப்பிட்ட மருந்தகம் மூலம் வேளைக்கு வேளை பொட்டலமாக வரவேண்டும் என்பார்கள், அதற்குப் பல வாரம் முன்னாலேயே ஆர்டர் போட வேண்டும். வைட்டமின், தைலம், வயிற்று வலிக்குக் கொடுக்கும் வீட்டு மருந்து எல்லாமே நர்சிடம்தான், பெட்டிக்குள் எதுவும் ஒளித்து வைக்காதீர்கள். ஆஸ்துமா இன்ஹேலர், எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) இரண்டும் விதிவிலக்கு, பிள்ளை கூடவே வைத்துக்கொள்ளலாமா, கவுன்சிலர் தூக்கிக்கொண்டு திரிவாரா என்று அங்கேயே கேட்டு உறுதி செய்யுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைக்கு இன்னொரு ஜோடி.

நர்ஸ் காய்ச்சல் பார்ப்பார், தொண்டை, தோல், கால் விரல் இடுக்கு பார்ப்பார், பிறகு தலை. கடந்த வாரம் காய்ச்சலோ வாந்தியோ இருந்திருந்தால் சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலைக் குறைத்துக் கூட்டிப்போவது வேண்டவே வேண்டாம், ஒரு கேபினில் எட்டுப் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் தூங்கப் போகிறார்கள்.

கேபின்

கட்டில் சில இடங்களில் முன்பே ஒதுக்கியிருப்பார்கள், சில இடங்களில் முதலில் வந்தவர்களுக்கு. மேல் கட்டிலா கீழா என்பதில் பெரிய அரசியலே நடக்கும். நீங்கள் அதில் தலையிடாதீர்கள். மேல் கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கையை விரித்துக் கொடுங்கள், இது பெற்றோர் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய ஒரு வேலை. ராத்திரி அசந்து வரும்போது அவளுக்கு எந்த வேலையும் இல்லாமல் போய் விழ ஒரு இடம் வேண்டும். விரித்துக்கொண்டே பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் பெயர் கேளுங்கள், அந்தப் பெயரை உங்கள் மகள் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். ஸ்டஃப்டு பொம்மை கொண்டு வந்திருக்கிறாளா? வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்திருந்தால் எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், ராத்திரி மற்ற கட்டில்களில் என்னென்ன வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டு அவளே எடுப்பாள்.

கவுன்சிலரைப் பாருங்கள். பெரும்பாலும் கல்லூரி வயதுப் பெண்ணாக இருப்பார், இத்தனை சின்னப் பெண்ணிடமா விட்டுப் போவது என்று உங்களுக்குத் திக்கென்று இருக்கும். பயிற்சி எடுத்திருப்பார், பின்னால் பெரியவர்கள் இருப்பார்கள். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தங்கும் முகாம்களில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு பணியாளர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர் என்பது அளவு. உங்கள் முகாமுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைச் சேர்க்கும்போதே பார்த்திருக்க வேண்டும், அன்று கேட்டுப் பயனில்லை. கவுன்சிலரிடம் ஒரு நீண்ட உரை வேண்டாம், அவரைச் சுற்றி ஆறு குடும்பம் நிற்கும். ஒரு விஷயம், அதிகபட்சம் இரண்டு. "பசிச்சா சொல்ல மாட்டா, கேட்டாத்தான் சொல்லுவா" என்பது மாதிரி படிவத்தில் இல்லாத, நாளை உதவக்கூடிய விஷயமாக இருக்கட்டும்.

கிளம்புவது

படுக்கை விரித்தாயிற்று, கவுன்சிலரைப் பார்த்தாயிற்று, கழிவறை எங்கே என்று மூவரும் போய்ப் பார்த்தாயிற்று. இப்போது கிளம்புங்கள். இதற்கு மேல் நீங்கள் நிற்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் அவளுக்குத்தான் பாரம், நீங்கள் இருக்கும் வரை அவள் கேபினுக்குள் நுழைய மாட்டாள், உங்கள் பக்கத்திலேயே நிற்பாள்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவே கூடாது: "பிடிக்கலைன்னா சொல்லு கண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதில் ரெண்டு செய்தி இருக்கிறது: உன்னால் முடியாது என்று நான் நினைக்கிறேன் என்பது ஒன்று, கஷ்டமாக இருந்தால் அதைத் தாண்ட வேண்டியதில்லை, கூப்பிட்டால் போதும் என்பது இன்னொன்று. முதல் ராத்திரி லேசாக வீட்டு ஞாபகம் வந்ததுமே அவள் அந்த வாக்கைப் பிடித்துக்கொள்வாள், அப்புறம் நட்பு, படகு, பாட்டு எதிலும் மனசு போகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் இதழில் 2007-ல் கிறிஸ்டோபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் வீட்டு ஏக்கம் பற்றி எழுதிய அறிக்கையிலும் இந்தப் பேரத்தைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முகாமைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளைக்கும் பங்கு இருக்கட்டும், முன்கூட்டி உறவினர் வீட்டிலோ தோழி வீட்டிலோ ரெண்டு மூன்று நாள் உங்களை விட்டுத் தங்கிப் பழகட்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த ஒத்திகையை மே மாதத்திலேயே செய்து பாருங்கள், ஒத்திகையின்போது நீங்களும் போன் செய்யாமல் இருந்து பழகிக்கொள்ளலாம்.

"நீ இல்லாம வீடே வெறிச்சோடிப் போயிடும்" என்பதும் வேண்டாம். உங்கள் துக்கத்தையும் சேர்த்து அவள் தூக்க வேண்டியதில்லை. அவள் இல்லாத நாட்களில் வீட்டில் நடக்கப்போகும் கொண்டாட்டங்களையும் சொல்லாதீர்கள். வேறென்ன சொல்வது என்றால், இப்படி: "முதல் ரெண்டு மூணு நாள் வீட்டு ஞாபகம் வரும்டா, அது எல்லாருக்கும் வர்றதுதான். வந்தா கவுன்சிலர் அக்காகிட்ட சொல்லு, இல்லைன்னா உட்கார்ந்து எனக்கு லெட்டர் எழுது. நான் ஞாயித்துக்கிழமை உன் லெட்டரைப் படிப்பேன்." கட்டிப்பிடியுங்கள், திரும்பி நடங்கள். சொல்லாமல் நழுவிப் போவது மட்டும் கூடாது, அது சின்னப் பிள்ளைக்குக் கூட ஏமாற்றிய மாதிரிதான்.

அழுதால்? அழட்டும். கவுன்சிலர் வந்து கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப்போவார், நீங்கள் நடந்துகொண்டே இருங்கள். உங்கள் அழுகையைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே உங்களுக்குத் துணை நிறைய இருக்கும், வாகன நிறுத்துமிடத்தில் முக்கால்வாசிக் கண்ணாடிக்குப் பின்னால் அதுதான் நடக்கும்.

நீங்கள் போன பிறகு அவளுக்கு என்ன நடக்கும்

இதை அவளும் படித்தால் நல்லது, அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதி பதற்றம் போய்விடும். முதலில் பெயர் விளையாட்டுகள், வட்டமாக உட்கார்ந்து. பிறகு முகாமைச் சுற்றிக் காட்டுவார்கள். அன்று மாலையோ மறுநாள் காலையோ நீச்சல் சோதனை. இதில் தேறுவது தோற்பது கிடையாது, யார் எந்த ஆழத்தில் இறங்கலாம் என்று பிரிப்பதற்குத்தான். கொஞ்ச தூரம் நீந்தி, சில நிமிடம் தண்ணீரில் நின்ற இடத்தில் மிதக்கச் சொல்வார்கள். ஏரித் தண்ணீர் நீச்சல் குளம் போல இருக்காது, சில்லென்று இருக்கும், அடி தெரியாது, காலில் செடி உரசும். குளத்தில் மட்டும் நீந்திய பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். நீந்தவே தெரியாதென்றால் அதைத் தயங்காமல் சொல்லட்டும், ஆழமில்லாத பக்கத்தில் கற்றுக்கொடுப்பார்கள்.

ஏரிக்கரையில் ஒரு பலகை இருக்கும், ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சின்ன வில்லை ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்கும்போது அதைப் பலகையில் மாட்டி, ஏறும்போது எடுக்க வேண்டும், எப்போதும் ஒரு ஜோடியோடுதான் இறங்க வேண்டும். விசில் அடித்தால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும், எண்ணுவார்கள். ஏறும்போது வில்லையை எடுக்க மறந்துவிட்டால் ஏரி முழுக்கத் தேடல் தொடங்கிவிடும். உடலை மூடிய நீச்சல் உடை வேண்டுமென்றால் முழுக்கை நீச்சல் சட்டையும் கால்சட்டையும் அனேகமாக எல்லா இடத்திலும் சரிதான், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் காதைக் கிழிக்கும். மேசையைத் தட்டிப் பாடுவார்கள். பிடித்தது இல்லையென்றால் சாலட் பக்கமோ ரொட்டிப் பக்கமோ எழுந்து போகலாம், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ராத்திரி கேம்ப்ஃபயர். போகும்முன் கணுக்காலில் பூச்சி விரட்டி, நீள சாக்ஸ். ஷவரில் உண்ணி பார்க்கும் பழக்கமும் முதல் நாளே தொடங்கட்டும்: காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடம், அக்குள், தொப்புள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம். வடகிழக்கு மாநிலங்களில் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு. ஆனால் அது கடித்து ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் இருந்தால்தான் நோய் தொற்றும், தினமும் பார்த்தால் நேரத்தோடு எடுத்துவிடலாம். பார்த்ததும் தானே பிய்க்காமல் நர்சிடம் போகட்டும், நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பார்கள்.

விளக்கணைத்த பிறகு ஒரு அரை மணி நேரம்தான் கஷ்டமான நேரம். பகல் முழுக்க ஓட்டம், இப்போதுதான் யோசிக்க நேரம். அழுகை வந்தால் எழுந்துபோய்க் கவுன்சிலரை எழுப்பலாம், அது தொந்தரவு இல்லை. ராத்திரி கழிவறைக்குத் தனியாகப் போக வேண்டாம், யாரையாவது எழுப்பிக்கொண்டு டார்ச்சோடு போகலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்த சில நாட்கள், உங்களுக்கு

அவள் போய்ச் சேரும் அன்றே அவளுக்கு ஒரு கடிதம் கிடைக்க வேண்டுமானால் நாலைந்து நாள் முன்னால் போஸ்ட் செய்யுங்கள், அல்லது முதல் நாள் அலுவலகத்தில் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவளுக்கும் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகளைக் கொடுத்து அனுப்புங்கள்.

முகாம் தினமும் போட்டோ ஏற்றும். நூற்றுக்கணக்கான படத்தில் ஒன்றில் மகள் ஓரமாக, சிரிக்காமல் நிற்பாள், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் தூக்கம் கெடுத்துக்கொள்வீர்கள். வெயில் கண்ணில் அடித்திருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு படத்திலும் இல்லையென்றாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை, கேமராவைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள் நிறைய உண்டு.

முதல் கடிதம் அனேகமாக இப்படித்தான் இருக்கும்: "எனக்கு இங்க பிடிக்கலை, வந்து கூட்டிட்டுப் போ." அது முதல் இரண்டாம் நாள் ஓய்வு நேரத்தில் எழுதியது, உங்கள் கைக்கு வரும்போது அவள் படகில் இருப்பாள். பதிலில் அதை ஒரு வரியில் ஏற்றுக்கொண்டு, மீதியைக் கேள்வியாக எழுதுங்கள்: பக்கத்துக் கட்டிலில் யார், எந்தப் பாட்டுக் கற்றுக்கொண்டாய், நீச்சல் சோதனையில் எந்தப் பிரிவு கிடைத்தது. பார்சல் அனுப்பும்முன் விதியைப் பாருங்கள், தட்டையான கடித உறை தவிர எதுவும் வாங்காத முகாம்கள் நிறைய.

நாலைந்து நாள் கழித்தும் கடிதத்தின் தொனி மாறவில்லை என்றாலோ, மனசு கேட்கவே இல்லை என்றாலோ முகாமுக்குப் போன் செய்யுங்கள். மகளிடம் பேச வேண்டும் என்று கேட்க வேண்டாம், உங்கள் குரல் கேட்டால் ஆறின புண் திரும்பப் பிரியும். அவள் கேபினைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பணியாளரிடம் கேளுங்கள். "எப்படி இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கா" என்றுதான் பதில் வரும். நேற்று மதியம் என்ன சாப்பிட்டாள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாள், எந்த வேலையில் தானாகக் கை தூக்கினாள் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு மணி நேரம் கேட்டு, விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் நல்ல அறிகுறி. சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து சரியில்லை, எதிலும் சேரவில்லை என்று அவர்களே சொன்னால் அப்போது அவர்களோடு சேர்ந்து யோசித்து முடிவெடுங்கள், கூட்டி வருவதும் அதில் ஒரு வழிதான். அந்த முடிவை அவளிடம் சொல்லும் முன் அவர்களிடமும் உங்களுக்குள்ளும் பேசி முடித்துவிடுங்கள்.